இரு நாடுகளில் ஒரு பல்கலைக்கழகம்



ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த பின்னர், முன்பு என்னிடம் பயின்ற மாணவர்கள் சிலர் பெற்றோருடன் என்னைத் தேடி வருவதுண்டு. மேற்கல்வி குறித்து ஆலோசனை கேட்பார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியனுக்குப் பல்கலைக்கழகம் பற்றி என்ன தெரியும் என்று எண்ணாமல் வருகிறார்களே என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

அப்படி ஒருமுறை கிள்ளானைச் சேர்ந்த தந்தை ஒருவர் தம் மகனோடு வந்திருந்தார். கல்விக் கண்காட்சியில் வாங்கிய வண்ண வண்ண விளக்க ஏடுகள் அவர் கையில் இருந்தன. அவர் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்.

"ஐயா, இந்தப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது என்கிறார்கள். இங்கே சன்வேயிலும் இருக்கிறது என்கிறார்கள். ஒரே பல்கலைக்கழகம் எப்படி ஐயா இரண்டு மூன்று நாடுகளில் இருக்க முடியும்?" இது முதல் கேள்வி.

"சின்னவள் இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். தமிழை எஸ்.பி.எம். பாடமாக எடுக்கலாமா என்று கேட்கிறாள். எடுத்தால் அந்தத் தமிழ் பிறகு எங்கே போய்ச் சேரும்?" இது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்வி மகனைப் பற்றியது, இரண்டாவது மகளைப் பற்றியது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத்தான் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் விடை சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூருக்குப் போகிறவர்கள் கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டியதும் இடப்பக்கம் பாருங்கள். மரங்கள் அடர்ந்த அந்த மேட்டு நிலத்தில்தான் மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இன்னும் சற்றுத் தொலைவு போனால் நம் பிரிக்பீல்ட்ஸ் வந்துவிடும். நாம் பலமுறை கடந்து போகும் இந்தப் பல்கலைக்கழகமே ஒரு காலத்தில் இரண்டு நாடுகளில் நின்ற பல்கலைக்கழகம்தான்!

இன்றைய கிளை வளாகங்கள்

முதலில் அந்தத் தந்தையின் கையில் இருந்த ஏடுகளைப் பற்றிச் சில சொற்கள்.

அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே கிளை அமைப்பதற்கு வழிவகுத்தது 1996-ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிலையங்கள் சட்டம். அதற்கு முன்னர், இரண்டாண்டு இங்கே, ஓராண்டு அங்கே என்ற முறையில் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து தனியார் கல்லூரிகள் பாடம் நடத்தின. புதிய சட்டம் வந்த பிறகு, மெல்பர்னைத் தலைமையிடமாகக் கொண்ட மொனாஷ் பல்கலைக்கழகம் 1998-இல் பண்டார் சன்வேயில் கிளை தொடங்கியது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2000-இல் கோலாலம்பூரில் தொடங்கி, 2005-இல் செமினியில் தன் சொந்த வளாகத்திற்கு மாறியது. அதே நாட்டிங்ஹாமுக்குச் சீனாவின் நிங்போ நகரிலும் வளாகம் உண்டு.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தாய்ப் பல்கலைக்கழகம் எங்கே இருந்தாலும், கிளை நிற்பது அந்தந்த நாட்டின் சட்டத்தின் மீதுதான். மொனாஷ் 2001-இல் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு வளாகத்தைத் திறந்தது. பின்னாளில் அந்த வளாகம் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. எனவே விளக்க ஏட்டின் அட்டையில் உள்ள பெயரை மட்டும் பார்க்காமல், நாம் சேரவிருக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்பு மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறதா, பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வழங்கப்படும் என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். அந்தத் தந்தைக்கும் இதைத்தான் சொன்னேன்.

நாட்டின் எல்லை மாறினால் பல்கலைக்கழகத்திற்கு என்ன நேரும்? அதைத் தெரிந்துகொள்ள நாம் மலாயாவின் பழைய கதைக்குப் போக வேண்டும்.

1905: பொதுமக்கள் கட்டிய மருத்துவப் பள்ளி

1904-இல் சிங்கப்பூரின் சீன வணிகர் டான் ஜியாக் கிம் தலைமையில் பொதுமக்கள் ஆங்கில அரசாங்கத்திற்கு ஒரு விண்ணப்பம் அளித்தனர். உள்ளூர் மக்கள் பயில்வதற்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்பதே கோரிக்கை. முதலில் பணத்தைத் திரட்டிக் காட்டுங்கள் என்பது போல அமைந்தது அரசின் நிலைப்பாடு. மக்கள் சளைக்கவில்லை. 87,077 வெள்ளி திரண்டது. டான் ஜியாக் கிம் மட்டும் 12,000 வெள்ளி கொடுத்தார்.

1905-இல் 23 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் பொதுவான அரசு மருத்துவப் பள்ளி என்பதே அதன் முதற்பெயர். அதாவது பிறக்கும்போதே அது இரண்டு ஆட்சிப் பகுதிகளுக்கு உரிய பிள்ளையாகப் பிறந்தது. பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டு, 1921-இல் கல்லூரியாயிற்று. கலையும் அறிவியலும் பயில்வதற்காக 1928-இல் புக்கிட் தீமாவில் ராஃபிள்ஸ் கல்லூரி தொடங்கியது.

போருக்குப் பின் நிலைமை மாறியது. 1946-இல் சிங்கப்பூர் தனிக் குடியேற்ற நாடாகப் பிரிக்கப்பட்டது. 1948-இல் தீபகற்பத்தில் மலாயாக் கூட்டரசு உருவானது. அரசியல் இப்படிப் பிரித்துக்கொண்டிருந்த அதே வேளையில், கல்வி இணைத்துக்கொண்டிருந்தது. 1947-இல் அமைக்கப்பட்ட கார்-சாண்டர்ஸ் ஆணையத்தின் பரிந்துரைப்படி, மேலே சொன்ன இரண்டு கல்லூரிகளும் ஒன்றாக்கப்பட்டு, 1949 அக்டோபர் 8-ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. அமைவிடம் சிங்கப்பூர். உரிமையோ இரு பகுதிகளுக்கும் உண்டு.

அந்நாளில் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பள்ளி முடித்து, இங்கே பல்கலைக்கழகப் பட்டம் பெற விரும்பிய பிள்ளைக்கு ஒரே வழிதான். இரவு இரயிலேறி ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போக வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம். அங்கே வாழ்ந்தவர்களுக்கு இரயில் புதிதல்ல. ஆனால் அந்தப் பயணத்திற்கும் விடுதிச் செலவுக்கும் பணம் உள்ள வீடுகள் எத்தனை இருந்திருக்கும்? தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு அது எட்டாத கனி.

தமிழுக்கு ஓர் இருக்கை

பட்டணத்துப் பிள்ளைக்கே எட்டாத அந்த இடத்தில் தமிழை அமர்த்த வேண்டும் என்று அன்றைய தமிழர்கள் நினைத்தார்களே, அதைத்தான் நான் எண்ணி எண்ணி வியக்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வியலுக்கும் சீன ஆய்வியலுக்கும் துறைகள் தோன்றின. இந்திய ஆய்வியலுக்கும் துறை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அவ்வாறு அமையும் துறையில் எந்த மொழி முதன்மை பெறுவது என்ற விவாதமும் எழுந்தது. சமற்கிருதம் என்றனர் சிலர். இந்நாட்டில் வாழும் இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் பேசும் தமிழே வேண்டும் என்று தமிழர்கள் உறுதியாக நின்றனர்.

அந்தக் குரலுக்கு முன்னின்றவர் கோ. சாரங்கபாணி. 1903-இல் தமிழகத்தில் பிறந்து, இளமையிலேயே சிங்கப்பூருக்கு வந்தவர். 1935-இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கியவர். அவர் வெறுமனே தலையங்கம் எழுதிவிட்டு ஓயவில்லை. 1950-களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் ஒரு நிதியைத் தொடங்கினார். துறைக்குத் தேவையான தமிழ் நூல்களை நாமே வாங்கிக் கொடுப்போம் என்று மக்களை அழைத்தார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பொதுமக்கள் அள்ளியும் கிள்ளியும் கொடுத்தார்கள்.

ஏறக்குறைய இதே காலத்தில் சீன சமூகம் நன்யாங் பல்கலைக்கழகத்தைத் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொண்டிருந்தது. மூன்று சக்கர வண்டி ஓட்டுநர்கள் ஒரு நாள் வருமானத்தை அதற்குக் கொடுத்த செய்தி இன்றும் பேசப்படுகிறது. 1956-இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. நம்மவர்களிடம் ஒரு பல்கலைக்கழகம் கட்டும் வசதி இல்லை. ஆகவே இருக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையையும் ஒரு நூலடுக்கையும் கேட்டுப் பெற்றார்கள். அதே 1956-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. தமிழ் அங்கே இடம்பெற்றது.

கொடுத்தவர்கள் பலருடைய பிள்ளைகள் அந்தப் படிகளில் கால் வைக்கப் போவதில்லை என்பது கொடுத்தவர்களுக்கே தெரிந்திருக்கும். தெரிந்தும் கொடுத்தார்கள்!

கோடு விழுந்தது

1957 ஆகஸ்டு 31-இல் மலாயா விடுதலை பெற்றது. விடுதலை பெற்ற நாட்டின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் நாட்டுக்கு வெளியே இருந்தது! கோலாலம்பூரிலும் ஒரு வளாகம் வேண்டும் என்பது இயல்பான கோரிக்கை. பந்தாய்ப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 750 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. 1959 சனவரி 15 முதல், ஒரே பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி பெற்ற இரு பிரிவுகளாகச் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் இயங்கத் தொடங்கின.

இதுதான் அந்தத் தந்தை வியந்து கேட்ட நிலை. பெயர் ஒன்று, வளாகம் இரண்டு, நாடும் இரண்டு.

இந்த ஏற்பாடு மூன்றாண்டுகளே நீடித்தது. இரு அரசுகளும் தத்தமக்கெனத் தேசியப் பல்கலைக்கழகம் வேண்டும் என விரும்பின. 1962 சனவரி முதல் நாள் பிரிவினை நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயர் கோலாலம்பூருக்கு வந்தது. துங்கு அப்துல் ரகுமான் அதன் முதல் வேந்தரானார். பழைய கட்டடங்கள் சிங்கப்பூரில் நின்றன. அவை சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் என்ற புதுப்பெயர் பெற்றன. 1980-இல் அது நன்யாங்குடன் இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமாயிற்று. இன்றும் இரு பல்கலைக்கழகங்களும் தத்தம் தொடக்கத்தை அதே 1905-ஆம் ஆண்டிலிருந்துதான் கணக்கிடுகின்றன.

வரலாற்றின் விந்தையைப் பாருங்கள். 1949 முதல் 1961 வரை இரண்டு ஆட்சிப் பகுதிகளுக்கு ஒரு பல்கலைக்கழகம். 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவாகிச் சிங்கப்பூரும் அதில் சேர்ந்தபோது நாடு ஒன்றாகிவிட்டது, பல்கலைக்கழகமோ முன்னரே இரண்டாகியிருந்தது. 1965 ஆகஸ்டு 9-இல் நாடும் இரண்டாயிற்று.

குடும்பச் சொத்தைப் பிரிப்பது போலத்தான் இந்தப் பாகப்பிரிவினையும். மருத்துவப் புலம் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டது. கோலாலம்பூர் தனக்கென ஒரு மருத்துவப் புலத்தை 1963-இல் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்று அதைக் கட்டி எழுப்பியவர் பேராசிரியர் தம்பு ஜான் தனராஜ்.

இந்திய ஆய்வியல் துறையோ 1959-இலேயே கோலாலம்பூருக்கு வந்துவிட்டது. 'தமிழ் முரசு' அக்கரையில் இருந்தது, நிதிக்கு அழைப்பு விடுத்தவர் அக்கரையில் இருந்தார், துறை இக்கரைக்கு வந்தது. தமிழுக்காக நிதி திரட்டிய சிங்கப்பூரில் தமிழை முதன்மைப் பாடமாகக் கொண்ட பட்டப்படிப்பு அமைவதற்கு 2000-கள் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு துறை ஓரிடத்தை விட்டு நகர்ந்தால், அதை மீண்டும் அங்கே உண்டாக்க எத்தனை காலம் ஆகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தனிநாயகம் அடிகளாரின் காலம்

இடம் மாறிய துறைக்கு 1961-இல் ஒரு பெருமகன் தலைமையேற்றார். அவர்தாம் சேவியர் தனிநாயகம் அடிகளார். 1913-இல் இலங்கையின் ஊர்காவற்றுறைப் பகுதியில் உள்ள கரம்பொனில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழும் இலண்டன் பல்கலைக்கழகத்தில் கல்வியியலும் ஆய்ந்தவர். தமிழைப் பற்றி உலகத்தார் அறிய வேண்டும் என்பதற்காக 1952 முதல் 'தமிழ்ப் பண்பாடு' என்ற பொருள்படும் ஆங்கில ஆய்விதழை நடத்தியவர்.

1964 சனவரியில் புதுடில்லியில் கீழைத்தேய ஆய்வாளர் மாநாடு நடந்தபோது, உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்று உழைத்தவரும் அவரே. மன்றம் தொடங்கியாயிற்று. முதல் மாநாட்டை எங்கே நடத்துவது? தமிழகத்திலா? ஈழத்திலா? இல்லை. 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நம் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் துணையோடு நடந்தது. பல நாட்டு அறிஞர்கள் இங்கே வந்து கட்டுரை படித்தார்கள். அக்கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. அதன் பிறகுதான் 1968-இல் சென்னையும், 1970-இல் பாரிசும், 1974-இல் யாழ்ப்பாணமும் மாநாடு கண்டன. மீண்டும் 1987-இலும் 2015-இலும் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது.

தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களின் நாடு என்று மட்டுமே அறியப்பட்ட மலாயாவில், உலகத் தமிழறிஞர்கள் முதன்முதலாகக் கூடினார்கள் என்றால் அதற்கு அடித்தளமாக அந்தத் துறை இருந்தது. அந்தத் துறைக்கு அடித்தளமாக மக்களின் விருப்பமும் சேமிப்பும் இருந்தன.

பதினைந்து பெயர்கள்

இப்போது அந்தத் தந்தையின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தமிழ் எடுத்தால் அது எங்கே போய்ச் சேரும்?

போய்ச் சேரும் இடம் இருக்கிறது. இந்திய ஆய்வியல் துறை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இன்றும் இயங்குகிறது. அதே பல்கலைக்கழகத்தின் மொழி, மொழியியல் புலத்திலும் தமிழ் மொழியியல் பயில வாய்ப்பு உண்டு. தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் தமிழ் ஆசிரியர்களை உருவாக்குகிறது. ஆக, வீடு கட்டியாயிற்று. போகிறவர்கள் வேண்டும்.

ஆறாம் ஆண்டில் தமிழ்ப்பள்ளியை விட்டுப் போகும் பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டுகள் தமிழைத் தொடர்ந்தால் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதுவது எளிதாகும். அங்கே தொடர்பு அறுந்துவிட்டால் பல்கலைக்கழகத் துறைக்கு மாணவர் எங்கிருந்து வருவார்கள்? மாணவர் இல்லாத துறையை எந்தப் பல்கலைக்கழகம் எத்தனை நாள் வைத்திருக்கும்?

இதற்கும் நம் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தேசியப் பள்ளிகளில் தமிழ் கற்பிக்கப்பட வேண்டும். கவனியுங்கள், சட்டம் மாணவரைக் கேட்கச் சொல்லவில்லை. பெற்றோரைக் கேட்கச் சொல்கிறது. நாம் கேட்காமல் இருந்துவிட்டுத் தமிழ் வகுப்பு இல்லையே என்று குறைப்படுவது முறையாகுமா?

முன்னோர் நூல் வாங்கப் பணம் கொடுத்தார்கள். நம்மிடம் பணம்கூடக் கேட்கவில்லை, ஒரு கையெழுத்துத்தான் கேட்கிறார்கள்.

ஆறாம் ஆண்டு ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் மாணவர்கள் எந்தெந்த இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள் என்பது ஆண்டிறுதியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோரை ஒருநாள் கூட்டி உட்கார வைத்து, விண்ணப்பத்தை அங்கேயே எழுதிவிடலாம். புதிய பள்ளியில் தனித்தனியே அலைவதைவிட இது எளிது.

அந்தத் தந்தை புறப்படும்போது, மகள் பயிலும் பள்ளியில் தமிழ் வகுப்புக்கு எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். மகளிடமே தொலைபேசியில் கேட்டுச் சொன்னார்.

"பதினொரு பேராம் ஐயா. எங்கள் பெயரை நான் இன்னும் கொடுக்கவில்லை."

"உங்களோடு பன்னிரண்டு" என்றேன். "மீதி மூன்று வீடுகள் எவை என்று இருவரும் உட்கார்ந்து யோசிப்போம்."

யோசித்தோம். என் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினோம். ஐந்து பெயர்கள் கிடைத்தன. அந்த வாரமே அந்த வீடுகளின் கதவைத் தட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் வட்டாரத்துப் பள்ளியிலும் எத்தனை பெயர்கள் குறைகின்றன என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்